பள்ளியை விட்டு வந்த ஆறாவது வாரத்தில் பாடத்திட்டப் பெட்டி எதற்கு?

ஒரு தாய் கேட்டிருந்தார்: "வீட்டிலேயே படிக்க வைக்கலாம் என்று என் 7 வயது மகளைப் பள்ளியிலிருந்து நிறுத்தி ஆறு வாரம் ஆகிறது. விஷயம் தெரிந்த எல்லாரும் முதலில் கேட்பது 'எந்தப் பாடத்திட்டம் வாங்கினீர்கள்?' என்பதைத்தான். ராத்திரி அவள் தூங்கிய பிறகு ஒவ்வொரு நிறுவனத்தின் தொகுப்பையும் ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். வாங்காமல் விட்டால் பிள்ளையின் படிப்பைக் கெடுத்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. இந்த நெருக்கடி எங்கிருந்து வருகிறது? வாங்கித்தான் ஆக வேண்டுமா?"

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இன்று ராத்திரியாவது நிம்மதியாகத் தூங்குங்கள். இப்போது வாங்க வேண்டாம். எப்போதுமே வாங்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. மூன்று நான்கு மாதம் கழித்து, ஏதோ ஒரு பாடத்துக்கு மட்டும் நல்ல புத்தக வரிசை ஒன்று தேவைப்படலாம். ஆனால் எல்லாப் பாடமும் ஒரே பெட்டியில் வரும் அந்த முழுத் தொகுப்பை இந்த ஆறாவது வாரத்தில் வாங்குவது அவசரம்.

நான் 11 வருடமாகப் பிள்ளைகளை வீட்டில் படிக்க வைக்கிறேன். புதிதாக இந்த வழிக்கு வரும் பெற்றோர் பலரோடு உட்கார்ந்து பேசியும் இருக்கிறேன். அநேகமாக எல்லாரும் நீங்கள் இப்போது நிற்கும் இடத்தில் நின்றவர்கள்தான். அதனால் உங்கள் முதல் கேள்விக்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்கிறேன்.

பள்ளி ஒரு குடும்பத்துக்குக் கொடுப்பது பாடம் மட்டும் இல்லை. காலையில் எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும், இன்று எதைப் படிக்க வேண்டும், பிள்ளை தேறினாளா இல்லையா என்பதையெல்லாம் வேறு யாரோ முடிவு செய்து, கையெழுத்தும் போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். பள்ளியை விட்டு வந்ததும் அந்தச் சுமை முழுவதும் ஒரே நாளில் உங்கள் தலைமேல் இறங்குகிறது. திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பிள்ளை எதிரே உட்கார்ந்து உங்கள் முகத்தைப் பார்க்கிறாள். என்ன செய்வது? பெட்டியில் அதற்கு உடனடிப் பதில் இருக்கிறது. முதல் நாள், முதல் பக்கம், நீங்கள் சொல்ல வேண்டிய வாக்கியம்கூட அச்சாகி வரும். ராத்திரி ஒப்பிட்டுப் பார்க்கும்போது நீங்கள் தேடுவது பெரும்பாலும் அந்த நிம்மதியைத்தான். அதில் தப்பு ஒன்றும் இல்லை, நியாயமான பயம் அது. ஆனால் வாங்குகிற நேரம்தான் சரியில்லை. நேற்று வரை அவள் எப்படிப் படித்தாள் என்பதை வேறொருவர் பார்த்துக்கொண்டிருந்தார். தாயாக அவளை உங்களுக்கு நன்றாகத் தெரியும். எந்தக் கணக்கில் தடுமாறுகிறாள், எதைத் தானாகவே தேடிப் போகிறாள், எவ்வளவு நேரம் ஒரே வேலையில் மூழ்கியிருப்பாள் என்பதெல்லாம் இனிமேல்தான் தெரியவரும். தெரிவதற்கு முன்னாலேயே வருடம் முழுவதற்கும் வாங்கிவிடுகிறோம்.

அடுத்தது நம் சொந்தப் பள்ளி நாட்கள். நம்மில் பெரும்பாலானோர் பன்னிரண்டு வருடமாவது வகுப்பறையில் உட்கார்ந்தவர்கள். படிப்பு என்றாலே பாடநூல், அத்தியாயம், பயிற்சி, தேர்வு என்ற படம்தான் மனதில் வரும். வேறு படம் நம்மிடம் இல்லை. அந்தக் கருவிகள் ஏன் பிறந்தன என்று யோசித்தால் கொஞ்சம் தெளிவு கிடைக்கும். 45 நிமிட வகுப்பில் 30 பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆசிரியர் தன் கவனத்தைச் சரிசமமாகப் பங்கிட்டாலும் ஒரு பிள்ளைக்குக் கிடைப்பது ஒன்றரை நிமிடம். ஒவ்வொருவரிடமும் "உனக்கு என்ன புரிந்தது, சொல்லு" என்று கேட்க அவருக்கு நேரமே கிடையாது. அதனால்தான் பயிற்சித்தாள் தேவைப்படுகிறது. முப்பது பேரையும் அமைதியாக வேலையில் வைக்கவும், யாருக்குப் புரிந்தது யாருக்குப் புரியவில்லை என்று பிறகு திருத்தும்போது கண்டுபிடிக்கவும் அது ஒரு வழி. உங்கள் வீட்டில் ஒரே ஒரு பிள்ளை, கை நீட்டினால் தொடும் தூரத்தில் இருக்கிறாள். அவளிடம் நேரே கேட்டுவிடலாம். 24 கூட்டல் கணக்கு போட்டால்தான் அவளுக்குக் கூட்டல் தெரியும் என்று நிரூபணமாகும் என்பதில்லை. நான்கு கணக்கை வாய்விட்டு யோசிக்கச் சொல்லிப் பக்கத்தில் இருந்து கேட்டாலே போதும், எங்கே சறுக்குகிறாள் என்பது பளிச்சென்று தெரிந்துவிடும். பெட்டியில் வரும் தாள்களில் பாதி, அங்கே இல்லாத இருபத்தொன்பது பிள்ளைகளுக்காக எழுதப்பட்டவை.

நேரக் கணக்கும் இப்படித்தான். பள்ளியில் ஆறு மணி நேரம் இருந்தாள் என்பதால் வீட்டிலும் ஆறு மணி நேரம் படிக்க வேண்டும் என்று நினைத்து, அதை நிரப்பும் அளவுக்குப் பெரிய தொகுப்பைத் தேடுகிறோம். வருகைப் பதிவு, வரிசையில் நிற்பது, மற்றவர்கள் எழுதி முடிக்கும் வரை காத்திருப்பது, ஒரு வகுப்பிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவது எல்லாம் அந்த ஆறு மணி நேரத்துக்குள்தான் அடக்கம். 7 வயதுப் பிள்ளையோடு ஒருவர் நேருக்கு நேர் உட்கார்ந்தால், முறையான படிப்புக்கு ஒரு நாளில் ஒன்றிலிருந்து ஒன்றரை மணி நேரம் தாராளம். என் அனுபவத்தில் அதற்கு மேல் போனால் பிள்ளை உட்கார்ந்திருப்பாள், மனசு எழுந்து போயிருக்கும்.

இந்தப் பெட்டி எப்படி வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் கால்வெர்ட் பள்ளி என்று ஒன்று 1897இல் தொடங்கியது. அதன் தலைமையாசிரியர் விர்ஜில் ஹில்யர் 1906 வாக்கில் பள்ளியின் பாடங்களையே புத்தகம், நோட்டு, பென்சிலோடு சேர்த்து வீட்டுக்கு அனுப்பும் ஏற்பாட்டைத் தொடங்கினார். அதை வாங்கியவர்களில் வெளிநாட்டில் பணியிலிருந்த தூதரகக் குடும்பங்கள், ராணுவக் குடும்பங்கள், தொலைதூரத்தில் இருந்த மதப் பணியாளர்கள் நிறைய. பள்ளிக்குப் போக முடியாத இடத்தில் இருந்து, பள்ளியே வேண்டும் என்று ஏங்கியவர்கள் அவர்கள். ஊருக்குத் திரும்பியதும் பிள்ளை அதே வகுப்பில் போய் உட்கார வேண்டும். அந்தத் தேவைக்கு அந்தப் பெட்டி மிகப் பொருத்தமான விடை. நீங்கள் பள்ளியை விட்டதற்குக் காரணம் வேறு. பள்ளி அவளுக்குச் சரியாக அமையவில்லை என்று பார்த்து, யோசித்து எடுத்த முடிவு அது. பள்ளியை அப்படியே வீட்டுக்குக் கொண்டுவரும் பெட்டியை உடனே வாங்கினால், வேண்டாம் என்று விட்டு வந்ததையே வரவேற்பறையில் கொண்டுவந்து வைப்பது போல ஆகிவிடும்.

பிறகு 1970களில் வேறொரு கூட்டம் வந்தது. ஆசிரியராக இருந்த ஜான் ஹோல்ட் பள்ளிகளைச் சீர்திருத்தலாம் என்ற நம்பிக்கை இழந்து, 1977இல் வீட்டிலேயே பிள்ளைகளைப் படிக்க வைக்கும் பெற்றோருக்காக ஒரு சிறு இதழைத் தொடங்கினார். அந்த ஆரம்ப காலத்துப் பெற்றோருக்கு வாங்குவதற்கென்று பெரிதாக எதுவும் இல்லை. பாடநூல் நிறுவனங்கள் சில, பள்ளி அல்லாதவர்களுக்கு விற்கவே மறுத்தன. நூலகம், தபாலில் வரும் கடிதங்கள், சொந்த மூளை, இவ்வளவுதான். அவர்களுடைய பிள்ளைகளும் படித்து ஆளானார்கள். எண்ணிக்கை பெருகியதும் சந்தையும் வந்தது. பெற்றோர் கூடும் மாநாடுகளில் விற்பனை அரங்குகளும் வந்துவிட்டன. இன்று புதிதாக வருபவர் வேறொரு பெற்றோரைச் சந்திப்பதற்கு முன்னாலேயே நான்கு நிறுவனங்களைச் சந்தித்துவிடுகிறார். வீட்டுக் கல்வி என்றாலே வாங்கித்தான் தொடங்க வேண்டும் போலிருக்கிறது என்ற எண்ணம் அங்கேயே விழுந்துவிடுகிறது.

விற்பவர்கள் எல்லாரும் கெட்டவர்கள் இல்லை. அவர்களில் பலர் பிள்ளைகளை வீட்டில் படிக்க வைத்துவிட்டு, தாங்கள் எழுதிய பாடத்தையே நல்லெண்ணத்தோடு விற்பவர்கள். ஆனால் ஒரு சொல்லை மட்டும் எச்சரிக்கையோடு பாருங்கள்: 'இடைவெளி'. "எங்கள் தொகுப்பில் இடைவெளியே இருக்காது" என்பார்கள். இந்தச் சொல் நேராகப் போய்ப் பெற்றோரின் நெஞ்சில் தைக்கும். நான் ஏதோ ஒன்றைச் சொல்லிக்கொடுக்க மறந்துபோய், பத்து வருடம் கழித்துப் பிள்ளை அதனால் எங்கோ தலைகுனிந்து நிற்பாளோ என்ற பயம். நீங்கள் படித்த பள்ளியை நினைத்துப் பாருங்கள். அங்கே நடத்தியதில் இன்று எவ்வளவு நினைவில் இருக்கிறது? எத்தனை பாடம் ஆண்டு இறுதியில் அவசர அவசரமாக ஓட்டப்பட்டது? எல்லாருடைய படிப்பிலும் இடைவெளி உண்டு. அது தெரியவரும்போது தேடிப் படித்து நிரப்பிக்கொள்கிறோம். அந்தத் தேடும் பழக்கம் பிள்ளைக்கு வருகிறதா என்பதைத்தான் நான் கவலையோடு பார்ப்பேன்.

அப்புறம் சக பெற்றோர். இதைச் சொல்லத் தயக்கமாக இருக்கிறது, ஏனென்றால் என்னைத் தாங்கியவர்களும் அவர்கள்தான். "உங்கள் வீட்டில் எப்படிப் படிக்கிறார்கள்?" என்று கேட்டால் சட்டென்று சொல்ல வருவது ஒரு தொகுப்பின் பெயர். காலையில் அரை மணி நேரம் கதை வாசித்தோம், அதிலிருந்து எரிமலைப் பேச்சு வந்தது, மதியம் அவன் ஒரு பெட்டியை வெட்டிக் கப்பல் செய்தான், கணக்கு நேற்று செய்யவில்லை, இன்று கொஞ்சம் செய்தோம் என்று யாரும் ஒரே மூச்சில் சொல்ல மாட்டார்கள். ஆகவே கேட்பவர் காதில் விழுவது பெயர்கள் மட்டும். அதே குடும்பம் அந்தத் தொகுப்பில் பாதியை ஒதுக்கிவிட்டு மீதியைத் தன் இஷ்டத்துக்கு மாற்றிக்கொண்டிருக்கும். அது உங்களுக்குத் தெரியவராது. நிறையச் செலவு செய்து வாங்கியவருக்கு அது நல்ல முடிவுதான் என்று சொல்லவும் தோன்றும். அது மனித இயல்பு. அவர் பரிந்துரைப்பதில் கொஞ்சம் அதுவும் கலந்திருக்கும்.

உறவினர்கள் கேட்கும் கேள்விக்கும் பெட்டி ஒரு கேடயம். மாமியாரோ அண்ணனோ வந்து "என்ன படிக்கிறாள்?" என்று கேட்டால் தடிமனான ஆறு புத்தகத்தை எடுத்துக் காட்டலாம், வாய் அடைத்துப் போகும். இதற்காகவே வாங்கியவர்கள் எனக்குத் தெரிய நிறையப் பேர். அதற்கு வேறு வழி இருக்கிறது, பின்னால் சொல்கிறேன்.

சட்டம் பற்றிய பயமும் உண்டு. இது நாட்டுக்கு நாடு பெரிதாக மாறும். ஜெர்மனியில் வீட்டுக் கல்விக்கு அனுமதியே கிடையாது என்ற அளவுக்கு நிலைமை. வேறு சில இடங்களில் ஒரு தகவல் கடிதம் போதும், இன்னும் சில இடங்களில் ஆண்டுக்கு ஒரு மதிப்பீடு. உங்கள் இடத்துச் சட்டத்தின் மூல வாசகத்தை நீங்களே உட்கார்ந்து படியுங்கள், அடுத்தவர் சொன்ன சுருக்கத்தை நம்பாதீர்கள். பெரும்பாலும் அது கேட்பது என்னென்ன பாடம் கற்பிக்கப்படுகிறது, அதற்கு என்ன சான்று என்பதைத்தான். எந்த நிறுவனத்தின் தொகுப்பு என்று கேட்பது அபூர்வம். இந்த வயதில் என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்ற பட்டியல் வேண்டுமென்றால், பல நாடுகளின் கல்வித் துறைகள் தங்கள் பாடத்திட்டத்தை இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கின்றன. பாடத்திட்டம் என்பது அந்தப் பட்டியல்தான். பெட்டி என்பது அந்தப் பட்டியலை ஒருவர் தனக்குத் தோன்றிய வரிசையில் அடுக்கிக் கொடுப்பது. இரண்டும் ஒன்று என்று நினைத்துவிடுவதாலேயே பாதி நெருக்கடி.

என் கதையைச் சொல்கிறேன். மூத்தவனுக்கு அப்போது 7 வயது. முதல் மாதமே ஒரு முழு வருடத் தொகுப்பு வாங்கினேன். வாரத்துக்கு ஐந்து நாள், 36 வாரம், மொத்தம் 180 நாள் என்று அட்டவணை போட்டு, ஒவ்வொரு நாளுக்கும் டிக் போட ஒரு சின்னக் கட்டம் இருந்தது. முதல் மூன்று வாரம் எனக்கு அவ்வளவு ஆறுதல். டிக் போடும்போதெல்லாம் நான் சரியாகத்தான் செய்கிறேன் என்று தோன்றும். பிறகு வீட்டில் காய்ச்சல் வந்து 11 நாள் பின்தங்கினோம். அந்த 11 நாளைப் பிடிப்பதற்காக ஒரே நாளில் இரண்டு நாள் பாடத்தை நடத்தத் தொடங்கினேன். ஒருநாள் கூட்டல் பயிற்சி நடந்துகொண்டிருந்தபோது அவன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, "ஒரு மணிக்கு ஏன் 60 நிமிஷம்? 100 வெச்சிருந்தா சுலபமா இருந்திருக்குமே?" என்று கேட்டான். அதெல்லாம் அடுத்த வருடப் புத்தகத்தில் வரும், இப்போது இதை முடி என்று சொன்னேன். அவன் மறுபடி கேட்கவில்லை. அதைத்தான் இன்றும் என்னால் மறக்க முடியவில்லை.

இரண்டு மாதம் கழித்துத் தொகுப்பை மூடி அலமாரியில் வைத்துவிட்டு, அந்தக் கேள்விக்கு நானே திரும்பிப் போனேன். தரையில் 60 பாசிமணிகளைக் கொட்டினேன். இரண்டு பங்கு வைத்தோம், மூன்று, நான்கு, ஐந்து, ஆறு, எல்லாவற்றிலும் மீதம் இல்லாமல் பிரிந்தது. பத்து, பன்னிரண்டு, பதினைந்து, இருபது, முப்பது என்று அவனே தேடிக்கொண்டு போனான். ஒன்றையும் அறுபதையும் சேர்த்தால் 60ஐ மீதமின்றி வகுக்கும் எண்கள் பன்னிரண்டு. நூறுக்குச் செய்து பார்த்தான், ஒன்பதுதான் வந்தது, மூன்றாகப் பிரிக்கவே முடியவில்லை. பழைய பாபிலோனியர்கள் அறுபதை வைத்துத்தான் எண்ணினார்கள், அதன் மிச்சம்தான் நம் கடிகாரத்தில் இருக்கிறது என்று சொன்னபோது கொஞ்ச நேரம் எதுவும் பேசாமல் மணிகளையே பார்த்துக்கொண்டிருந்தான். வகுத்தல், காரணிகள், வரலாறு எல்லாம் ஒரே மதியத்தில் வந்து போயின. அந்த நிறுவனத்தின் வரிசையில் அவை மூன்று வெவ்வேறு வருடத் தொகுப்புகளில் இருந்தன.

"சரி, உங்கள் பிள்ளைக்கு அது நடந்தது, எல்லாருக்கும் நடக்குமா?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆய்வுகளிலிருந்து இரண்டு விஷயம் சொல்கிறேன், இரண்டையும் அளவோடு எடுத்துக்கொள்ளுங்கள். 1984இல் பெஞ்சமின் புளூம் என்ற கல்வியியலாளர் ஒரு கட்டுரை வெளியிட்டார். தனியாக ஓர் ஆசிரியரிடம் படித்த பிள்ளைகளில் சராசரியானவர், வழக்கமான வகுப்பில் படித்தவர்களில் 98 சதவீதம் பேரை விட நன்றாகச் செய்தார் என்பது அதில் இருந்த முடிவு. பிறகு வந்த ஆய்வுகளில் அவ்வளவு பெரிய வித்தியாசம் கிடைக்கவில்லை. ஆனாலும் ஒருவருக்கு ஒருவர் உட்கார்ந்து கற்பிப்பதில் கணிசமான பலன் இருக்கிறது என்பதில் பெரிய சண்டை இல்லை. அந்த வசதி உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது, அதைப் பெட்டியில் வைத்து யாராலும் விற்க முடியாது.

இன்னொன்று பழைய கதை. அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில், மான்செஸ்டர் நகரில் பள்ளிகளுக்குப் பொறுப்பாளராக இருந்தவர் எல்.பி. பெனெசெட். 1929இல் தொடங்கி, சில வகுப்புகளில் ஆறாம் வகுப்பு வரை முறையான எண்கணிதத்தை நிறுத்தி வைத்தார். சும்மா விடவில்லை, அந்த நேரத்தில் பிள்ளைகளை நிறையப் பேச வைத்தார், வாசிக்க வைத்தார், உயரம் நீளம் நேரம் என்று உத்தேசமாகக் கணித்துச் சொல்லப் பழக்கினார். முறையான கணக்கைத் தொடங்கிய ஒரே வருடத்துக்குள் அந்தப் பிள்ளைகள் மற்றவர்களை எட்டிப்பிடித்துவிட்டார்கள். கணக்கே வேண்டாம் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. 7 வயதில் மூன்று மாதம் அட்டவணை இல்லாமல் இருந்தால் எதிர்காலமே போய்விடும் என்ற பயத்துக்கு அடிப்படை இல்லை என்பதற்காகச் சொல்கிறேன். பின்லாந்தில் பிள்ளைகள் முதல் வகுப்பில் சேர்வதே 7 வயதில்தான்.

ஆனால் எல்லாவற்றையும் போகிற போக்கில் விட்டுவிடலாம் என்று நான் நினைக்கவில்லை. வரிசை முக்கியமான இடங்கள் உண்டு. எழுத்தையும் ஒலியையும் சேர்த்து வாசிக்கத் தொடங்கும் கட்டம் அப்படி ஒன்று. அங்கே முறையான, படிப்படியான ஒரு திட்டம் உதவும் என்பதற்கு ஆதாரம் வலுவாக இருக்கிறது. டிஸ்லெக்சியா, அதாவது எழுத்துகளை வாசிப்பதில் தொடர்ந்து வரும் சிரமம், உள்ள பிள்ளை என்றால் நன்கு வகுக்கப்பட்ட வாசிப்புத் திட்டம் மிக மிக அவசியம், அதைத் தள்ளிப்போடக் கூடாது. கணிதத்திலும் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறுவது அதிகம். பெருக்கல் கைவராமல் பின்னம் வராது. இந்த இரண்டுக்கும் நல்ல புத்தக வரிசை வாங்குவதை நான் தடுக்கவே மாட்டேன். வரலாறு, அறிவியல், புவியியல், கலை எல்லாம் இந்த வயதில் எந்தக் கதவு வழியாக நுழைந்தாலும் வீட்டுக்குள் வந்துவிடலாம். டைனோசரில் தொடங்கினாலும் சரி, நிலாவில் தொடங்கினாலும் சரி. முழுத் தொகுப்பை வாங்கும்போது இந்த இரண்டாவது வகைக்கும் சேர்த்துத்தான் பணம் கொடுக்கிறோம்.

இன்னொரு சிக்கல், பெட்டி வயதுப்படி வரும். மூன்றாம் நிலை என்றால் எல்லாப் பாடமும் மூன்றாம் நிலை. பிள்ளைகள் அப்படி வளர்வதில்லை. 10 வயதுப் பிள்ளையின் கதைப் புத்தகத்தை வாசித்துக்கொண்டே கழித்தலில் திணறும் 7 வயதுப் பிள்ளையை நீங்கள் எங்கேயும் பார்க்கலாம். அவளுக்கு மூன்றாம் நிலைப் பெட்டியில் வாசிப்பு சலிப்பாகவும், கணக்கு அழுகையாகவும் இருக்கும்.

முழுப் பெட்டி உண்மையிலேயே கைகொடுக்கும் குடும்பங்களும் இருக்கிறார்கள், அவர்களை நான் குறைவாக நினைக்க மாட்டேன். வீட்டில் ஒருவர் நீண்ட நாள் நோயாகப் படுத்திருக்கிறார், பெற்றோர் இருவருக்கும் தலைக்கு மேல் வேலை, நான்கு பிள்ளைகள் நான்கு வயதில் இருக்கிறார்கள் என்றால் யோசிக்காமல் நடக்கக்கூடிய ஒரு திட்டம் வரம். பொதுத் தேர்வை நெருங்கும் பதினைந்து வயதில் கதை வேறு. அங்கே தேர்வுக்குரிய பாடநூல் வேண்டும். கட்டத்தில் டிக் போட்டு முடிப்பதிலேயே சந்தோஷப்படும் பிள்ளைகளும் உண்டு. அவர்களில் உங்கள் மகள் ஒருத்தியா என்பதைத் தெரிந்துகொள்ளத்தான் காத்திருக்கச் சொல்கிறேன்.

காத்திருக்கும் மூன்று மாதத்தில் என்ன செய்வது? பள்ளியில் கழித்த ஒவ்வொரு வருடத்துக்கும் ஒரு மாதம் ஆறவிட வேண்டும் என்று பழைய பெற்றோர் சொல்வதுண்டு. ஆய்வில் வந்த கணக்கு இல்லை அது, அனுபவத்தில் சொல்வது, எங்கள் வீட்டில் ஏறக்குறைய ஒத்துவந்தது. தினமும் அவளுக்கு வாய்விட்டு வாசித்துக் காட்டுங்கள், அவள் தானாகப் படிக்கும் நிலையை விடக் கடினமான புத்தகமாகவே இருக்கட்டும். இருபது நிமிடம் ஏதாவது கணக்கு, கையில் எடுத்து எண்ணக்கூடிய பொருட்களோடு. மீதி நேரம் அவள் என்ன செய்கிறாள் என்று பாருங்கள். ஒரு நோட்டு வாங்கிக்கொள்ளுங்கள், இப்போதைக்கு வாங்க வேண்டியது அது ஒன்றுதான். ராத்திரி ஒப்பீடு பார்க்கும் நேரத்தில் அதில் மூன்று வரி எழுதுங்கள்: இன்று என்ன கேட்டாள், எங்கே தடுமாறினாள், எதில் நேரம் போவது தெரியாமல் இருந்தாள். சில நாள் எழுத எதுவும் இருக்காது, பரவாயில்லை, தேதியை மட்டும் போடுங்கள். இரண்டு மாதம் கழித்துப் புரட்டிப் பார்த்தால் அவளுக்கு என்ன வேண்டும் என்பது எந்த விளம்பரத்தையும் விடத் தெளிவாக அதில் இருக்கும். சட்டம் சான்று கேட்டால் அதற்கும் அது உதவும். உறவினர் கேள்விக்கும் நான் சொல்ல வந்த வழி அந்த நோட்டுதான். "என்ன படிக்கிறாள்?" என்று கேட்டால், "இந்த வாரம் நிழல் ஏன் காலையில் நீளமாக இருக்கிறது என்று அளந்துகொண்டிருக்கிறாள்" என்று குறிப்பாக ஒன்றைச் சொல்லுங்கள். தொகுப்பின் பெயரைச் சொன்னால் பேச்சு அதன் விலையைப் பற்றிப் போகும். இப்படிச் சொன்னால் கேட்டவரே பிள்ளையைக் கூப்பிட்டுப் பேசத் தொடங்குவார்.

பிறகு ஒன்று வாங்கத்தான் வேண்டும் என்று நோட்டு சொன்னால், ஒரு பாடத்துக்கு மட்டும் வாங்குங்கள். பெரும்பாலான நிறுவனங்கள் மாதிரிப் பக்கங்களை இலவசமாகத் தருகின்றன. அவற்றை நீங்கள் படித்து முடிவெடுக்காமல், அவளோடு உட்கார்ந்து ஒரு வாரம் செய்து பாருங்கள். அந்த வாரத்தில் யார் அதிகம் யோசிக்கிறார்கள், அவளா புத்தகமா என்று கவனியுங்கள். விடையை நிரப்ப மட்டும் இடம் விட்டு, யோசிக்க வேண்டியதையெல்லாம் புத்தகமே செய்துவிடும் பக்கங்கள் நிறைய உண்டு. ஏற்கெனவே பயன்படுத்திய பிரதி கிடைத்தால் இன்னும் நல்லது. அதில் பென்சில் எழுத்து எந்தப் பக்கத்தோடு நின்றிருக்கிறது என்று பாருங்கள். நான் பார்த்த பழைய தொகுப்புகளில் முதல் இரண்டு அத்தியாயம் நிரம்பி, மீதி புத்தம் புதிதாக இருப்பவை ஏராளம். அந்த வெற்றுப் பக்கங்களுக்குப் பின்னால் உங்களைப் போலவே பயந்து வாங்கிய ஒரு தாயோ தகப்பனோ இருந்திருப்பார்.

இதைப் படிக்கும் யாராவது ஏற்கெனவே வாங்கிவிட்டிருந்தால் மனம் நொந்துகொள்ள வேண்டாம். அட்டவணையைத் தனியாக எடுத்து வைத்துவிட்டுப் புத்தகங்களைப் பிள்ளைகளின் கைக்கு எட்டும் தட்டில் வையுங்கள். நான் மூடிவைத்த தொகுப்பிலிருந்த அறிவியல் புத்தகத்தை நான்கு வருடம் கழித்து இளையவள் தானாகவே எடுத்து, நடுவில் இருந்த மின்சார அத்தியாயத்திலிருந்து படிக்கத் தொடங்கினாள். முதல் அத்தியாயத்துக்கு அவள் இன்னும் வரவில்லை.